சாமியார் என்னும் சொல்லும் ‘கடல்’ படமும்

தமிழகத்து ஊர்ப்புறக் கத்தோலிக்கர், ஒரு கோயிலையும் அதைச் சேர்ந்த குடும்பங்களையும் கவனிக்கும் பங்குக் குருவைச் ‘சாமியார்’ என்றே சொல்லிவருவதும், அதே சொல் காவி கட்டிய இந்துத் துறவிக்கு வழங்குவதும் தற்செயலானவை அல்ல. 1606இல் மதுரைக்கு வந்து, காவியுடுத்தி, புலாலை நீக்கி, தத்துவ போதகர் என்னும் பெயரில் வாழ்ந்தவர் இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி. துறவிகளை அறிந்த இம்மண்ணுக்குக் குரு மணம் முடிக்காதது புதிராக இருந்திருக்காது.

ஆனால் மறைமாவட்டக் குருவின் மணத்துறவு முற்றும் துறத்தல் அன்று. அவர் சொத்து வைத்துக்கொள்ளலாம். மணம் செய்வதில்லை என்றும் ஆயருக்குக் கீழ்ப்படிவதாகவும் வாக்களிக்கிறார். 1139இல் கூடிய இரண்டாம் லாத்தரன் சங்கம் குருக்களின் திருமணம் செல்லாது என அறிவித்த போதிலும், அது திருச்சபை ஒழுங்கேயன்றி விசுவாசக் கோட்பாடு அன்று என்பதால், கீழைத் திருச்சபைகள் பலவற்றில் மணமானவர் குருப்பட்டம் பெறுகிறார். இலத்தீன் மரபிலும், பணியை விட்டு மணம் புரிய விரும்பும் குரு ரோமிடம் விலக்குக் கேட்கலாம்.

2013இல் வெளிவந்த மணிரத்னத்தின் ‘கடல்’, ஜெயமோகனின் கதையில், இந்த வாக்குறுதியைச் சுற்றியே எழுகிறது. குருமடத்தில், அதாவது குருக்களாகப் போகிறவர்கள் பயிலும் இல்லத்தில், பெண்ணோடு இருந்த பெர்க்மான்ஸை உடன்பயிலும் சாம் காட்டிக்கொடுக்க, வெளியேற்றப்பட்ட அவன் பகை கொள்கிறான். பின்னாளில் கடற்கரைப் பங்கொன்றில் அனாதைச் சிறுவன் தாமஸை அரவணைக்கும் சாம் மீதே தகாத உறவுப் பழி விழுகிறது. நம்பிய மக்களே அவரை அடிக்க, அவர் சிறை செல்கிறார். சாமாக நடித்த அரவிந்த்சாமி அந்த அவமானத்தை உரத்த பேச்சின்றித் தாங்கிக்காட்டும் காட்சிகள் படத்தின் பெருமை.

எனினும் இங்கே ஒருவன் விழுகிறான், மற்றவன் பழி சுமக்கிறான். உண்மையில் காதலிக்கும் குரு எவரும் இல்லை. குருமடத்துப் பெண்ணோ இரு ஆண்களின் பகைக்குத் தொடக்கமாக மட்டும் நிற்கிறாள். 1875இல் போர்த்துகீசிய எழுத்தாளர் எசா தெ கெய்ரோஸ் எழுதிய ‘பாதிரியார் அமாரோவின் குற்றம்’ நாவலை 2002இல் மெக்சிகோவில் படமாக்கிய கார்லோஸ் கரேரா, கருக்கலைப்பில் இறந்த காதலியின் அடக்கத் திருப்பலியை அவளைக் காதலித்த குருவே நிறைவேற்றும்படி முடித்தார். திருச்சபையின் எதிர்ப்புக்கு இடையே அது திரைக்கு வந்தது. அங்கே குற்றம் காதலில் இல்லை, பதவிக்காக அவளைக் கைவிட்டதில் இருக்கிறது.

துறவு கலைந்ததா, இல்லையா என்பதோடு ‘கடல்’ நின்றுவிடுகிறது. விலக்குக் கேட்டு எழுதும் குருவின் இரவையும், அந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கும் பெண்ணின் பகலையும் தமிழில் எழுத ஒரு திரைக்கதையாசிரியர் முன்வர வேண்டும்.