தொப்பூர் கணவாயில் கைப்பேசி சாட்சி

சேலத்திலிருந்து தருமபுரி நோக்கி ஏறும் தொப்பூர் கணவாய், விபத்துகளுக்குப் பேர்போன சாலை. அங்கே போலீஸ் வண்டியை நிறுத்தி இன்சூரன்ஸ் கேட்டால், சீட்டுக்கு அடியில் நைந்துபோன காகிதத்தைத் தேட வேண்டியதில்லை.

2018 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. டிஜிலாக்கர், எம்பரிவாகன் ஆகிய அரசுச் செயலிகளில் காட்டும் லைசென்ஸ், ஆர்.சி., அசலுக்குச் சமம். இன்சூரன்ஸ் விவரம் அரசின் வாகனப் பதிவேட்டில் ஏறியிருந்தால் காகிதமே வேண்டாம்.

ஆனால் நம்மில் பலர் செய்வது வேறு: பாலிசியைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவைப்பது. அது வெறும் படம்தான், சட்டப்படி ஆவணம் ஆகாது. செயலியில் தெரிவதோ நேராகப் பதிவேட்டிலிருந்து வருகிற தகவல்.

இன்சூரன்ஸே இல்லாவிட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அடுத்த முறை 4,000.

விபத்தே நேர்ந்துவிட்டால், மருத்துவமனை விஷயம் கொஞ்சம் ஆறுதல். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மருத்துவக் காப்பீட்டு அட்டை கட்டாயமில்லை.

மலைப்பாதையில் கைப்பேசி சிக்னல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கிளம்பும் முன்பே வீட்டில் செயலியைத் திறந்து, பாலிசி முடியும் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.