நரம்புத் தண்டவாளமும் மார்க் ஜீனும்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் ஒரு பாட்டி வசிப்பதாக வைத்துக்கொள்வோம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை அவருக்கு அத்துப்படி. அவர் இன்று தம் தெருவுக்கே வழி தெரியாமல் நிற்கிறார். ‘வயதானால் மறதிதான்’ என்று விட்டுவிடலாமா? கூடாது. அது அல்சைமர் நோயாகவும் இருக்கலாம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு சுமார் 7 பேருக்கு டிமென்ஷியா என்னும் அறிவுத்திறன் குறைவு இருப்பதாக 2023-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. டிமென்ஷியாவுக்கு முதன்மையான காரணம் அல்சைமர் நோயே.

இந்நோயுற்று இறந்த ஒரு பெண்ணின் மூளையில், நரம்புச் செல்களுக்குள் நூல்சிக்கு போன்ற முடிச்சுகளைக் கண்டதாக ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906-இல் அறிவித்தார். அந்தச் சிக்கு எப்படி உண்டாகிறது?

கட்டடத்துக்குச் சாரம் போல, செல்லுக்குள்ளும் ஒரு சட்டகம் உண்டு. நுண்குழல்கள் அதன் ஒரு பகுதி. ஒரு குழலின் தடிமன் மில்லிமீட்டரில் 40,000-இல் ஒரு பங்கே! முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஓடும் நரம்பிழை ஏறத்தாழ 1 மீட்டர் நீளம். அதனுள் சரக்குகள் இக்குழல்களையே தண்டவாளமாகக் கொண்டு பயணம் செய்கின்றன. தண்டவாளத்துக்குக் கட்டைகள் போல, குழல்களை நிலைநிறுத்துவது 'டௌ' என்னும் புரதம். இது 1975-இல் கண்டறியப்பட்டது.

1997-இல் ஜெர்மனியில் மாண்டல்கோ தம்பதியரின் ஆய்வுக்குழு ‘மார்க்’ என்னும் கைனேஸ் நொதிகளை விவரித்தது. கைனேஸின் வேலை, புரதத்தின்மீது பாஸ்பேட்டை ஒட்டுவது. மார்க் பாஸ்பேட்டை ஒட்டியதும், டௌ குழலை விட்டுக் கழன்றுகொள்ளும். மனிதனிடம் மார்க் ஜீன்கள் 4. நான்காவது, 19-ஆம் குரோமோசோமில் உள்ளது.

கழல்வது தீமையா? இல்லை. டௌ நெருக்கமாக அப்பிக்கொண்டால் சரக்கு நகராது. எனவே அளவோடு கழற்றிவிட மார்க் தேவை. அளவு மிஞ்சினால்தான் ஆபத்து. குழல்கள் தளர்கின்றன. கழன்ற டௌவின்மீது பிற கைனேஸ்களும் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. டௌ ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. அல்சைமர் கண்ட சிக்கு இதுவே.

டௌ திரள்வதைத் தடுக்கும் பொருள்களை, புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் சுபாஷ்சந்திரபோஸ் சின்னத்தம்பியின் குழு ஆராய்ந்துள்ளது. கைனேஸை அடக்கும் மருந்துகளையும் அறிவியலார் தேடுகின்றனர். ஆனால் அடியோடு அடக்கினால் நல்ல செல்லும் பாதிக்கப்படும் அல்லவா? மிகையை மட்டும் குறைப்பதே சவால்.

மாணவர்களே, வீட்டுப் பெரியவர் வழி தவறினால் கேலி செய்யாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வைட்டமின் பி-12 குறைவாலும் தைராய்டு கோளாறாலும்கூட மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.