தண்டலத்தில் வாடகைக்கு இருந்தால் கிராம சபையில் கை தூக்கலாமா? விதி என்ன சொல்கிறது?

மே 1 உழைப்பாளர் தினம். அதே நாளில்தான் ஊராட்சிகளில் கிராம சபையும் கூடுகிறது. தண்டலம், ஒரகடம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கி ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கும் தண்ணீர், குப்பை, தெருவிளக்கு எல்லாம் தினசரி பிரச்னைதான். ஆனா, அந்தக் கூட்டத்தில் அவர்கள் ஓட்டுப் போட முடியுமா?

யார் உறுப்பினர்?

அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் உறுப்பினர்தான். பத்து வருஷம் வாடகை கொடுத்திருந்தாலும், ஓட்டு சொந்த ஊரில் இருந்தால் இங்கே தீர்மானத்தில் கணக்கில் வராது.

எப்போது கூடும்?

ஆண்டுக்கு 6 முறை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

என்ன அதிகாரம்?

1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் திட்டம், வரவு செலவு, தணிக்கை அறிக்கை ஆகியவற்றுக்கு கிராம சபை ஒப்புதல் தர வேண்டும். எந்த வேலைக்கு எவ்வளவு செலவானது என்று நேரடியாகவே கேட்கலாம்.

எல்லை எங்கே?

தொழில் தேவைக்காக நிலம் எடுக்கும் 1997 தமிழ்நாடு சட்டத்தில் கிராம சபையின் ஒப்புதல் கட்டாயம் இல்லை. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை பலமுறை தீர்மானம் போட்டது. அது மக்களின் எதிர்ப்பை அரசு ஆவணமாகப் பதிவு செய்ததே தவிர, திட்டத்தை நிறுத்தவில்லை.

சமத்துவம் எப்படி வந்தது?

சட்டம் வந்ததும் எல்லோருக்கும் நாற்காலி கிடைத்துவிடவில்லை. பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தலில் 1996-லிருந்து பத்து ஆண்டுகள் முறையான தலைவரே இல்லை. 2006-ல்தான் அங்கே தேர்தல் ஒழுங்காக நடந்தது. பெண்களுக்கு 50% இடஒதுக்கீடு என்று சட்டம் திருத்தப்பட்டது 2016-ல்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். சுவிட்சர்லாந்தின் அப்பென்சல் இன்னர்ரோடன் மாகாணத்தில் மக்கள் சதுக்கத்தில் கூடி, கை தூக்கி முடிவெடுக்கிறார்கள். ஆனால், 1990-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும்வரை, மாகாண விவகாரங்களில் பெண்களுக்கு அங்கே ஓட்டு இல்லை.

வெளியூர்க்காரர்கள் என்ன செய்யலாம்?

வாடகை வீடாக இருந்தாலும், வழக்கமாகத் தங்கும் இடம் என்றால் ஓட்டை அங்கே மாற்றிக்கொள்ளலாம். அதற்கு படிவம் 8. முதல்முறை பெயர் சேர்ப்பவர்களுக்கு படிவம் 6. உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை வைத்துத்தான் தயாராகிறது. ஆனா ஒன்று, ஓட்டை இங்கே மாற்றினால் சொந்த ஊரில் ஓட்டு இருக்காது. அதனாலேயே பலர் யோசிக்கிறார்கள்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். ஊராட்சியின் பதவிக்காலம் 5 ஆண்டு. அடுத்த தேர்தலில் தண்ணீர், குப்பை பற்றிப் பேச வேட்பாளர் உங்க ரூம் கதவையும் தட்டணும்னா, பட்டியலில் உங்க பெயர் இருக்கணும்.