பத்தே நிமிஷத்தில் முழு நாடகம்! இன்டர்வெல் கிடையாது, லேட்டாக வந்தால் கதையே போச்சு!

நாடகம் என்றால் நம்ம ஊர்க்காரருக்கு ஒரு கணக்கு உண்டு. சாயந்தரம் ஆறரைக்கு சபாவுக்குள் போனால் ஒன்பதரைக்கு வெளியே வரணும். நடுவில் இன்டர்வெல், பஜ்ஜி, காப்பி. அதற்கு முந்திய தலைமுறைக்கு இதுவும் போதாது. ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் கேட்டால், கோழி கூவும்போதுதான் வள்ளிக்குத் திருமணம் முடியும். கொடுத்த காசுக்கு விடிய விடிய வேணும்!

அந்தக் கணக்கையெல்லாம் தூக்கி எறிகிற மாதிரி ஒரு சரக்கு மேடையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து நிமிஷம், மிஞ்சிப்போனால் இருபது நிமிஷம். அதற்குள் ஒரு முழு நாடகம்! பேசின் பிரிட்ஜ் சிக்னலில் ரயில் நிற்கிற நேரத்தில் ஒரு குடும்பமே பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்துவிடுகிறது.

2002-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் 'ஷார்ட் பிளஸ் ஸ்வீட்' என்ற பெயரில் இதற்கென்றே ஒரு விழா தொடங்கினார்கள். ஒவ்வொரு நாடகத்துக்கும் பத்து நிமிஷம். அதற்கு மேல் கிடையாது. அந்த விழா 2011-ல் சென்னைக்கும் வந்தது. ஒரே ராத்திரியில் வரிசையாகப் பல நாடகங்கள். இது முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் அதற்கடுத்தது. நம்ம ஊர் மினி மீல்ஸ் மாதிரி, கொஞ்சம் கொஞ்சம் எல்லாம் உண்டு. ஆனால் அங்கே இங்கிலீஷ்தான் அதிகம்.

அதனால் இது கடல் தாண்டி வந்த சமாசாரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

புஞ்சைக்காரர் போட்ட புள்ளி

தஞ்சாவூர் ஜில்லா புஞ்சை கிராமத்திலிருந்து பட்டணம் வந்தவர் ந.முத்துசாமி. 1968-ல் 'நடை' என்ற சின்னப் பத்திரிகையில் 'காலம் காலமாக' என்ற நாடகத்தை எழுதினார். புராணம் இல்லை, அடுக்குமொழி இல்லை, பாட்டு இல்லை. படித்தவர்களில் பாதிப்பேர் "இது என்னய்யா நாடகம்?" என்று கேட்டிருப்பார்கள்! ஆனால் தமிழில் புது மாதிரிச் சின்ன நாடகங்களுக்குப் பிள்ளையார் சுழி அதுதான் என்று நாடகக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அவருடைய 'நாற்காலிக்காரர்' தேர்தல் கூத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தது. மேடையில் பெரிய செட்டு எதுவும் வேண்டாம், ஒரு நாற்காலி போதும் என்று காட்டியவர் அவர். 1977-ல் 'கூத்துப்பட்டறை'யைத் தொடங்கினார். அங்கே பயிற்சி எடுத்த பல முகங்களை நீங்கள் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். 2012-ல் பத்மஸ்ரீ. 2018-ல் காலமானார்.

1978-ல் பத்திரிகையாளர் ஞாநி 'பரீக்ஷா' குழுவைத் தொடங்கினார். 1980-ல் கல்கத்தாவிலிருந்து பாதல் சர்க்கார் சோழமண்டலத்துக்கு வந்து பயிற்சிப் பட்டறை நடத்தினார். இவர் படிப்பால் என்ஜினீயர். ஊர்த் திட்டம் போடுகிற உத்தியோகம் பார்த்தவர். ரோடு போடுகிற ஆள் "நாடகத்துக்கு மேடையும் வேண்டாம், திரையும் வேண்டாம், லைட்டும் வேண்டாம், ஜனங்கள் இருக்கிற இடத்துக்குப் போ" என்கிற வழியைப் போட்டார். 1984-ல் பிரளயனும் தோழர்களும் சேர்ந்து 'சென்னைக் கலைக்குழு'வை ஆரம்பித்தார்கள். தெருமுனையில் வட்டமாக ஜனம், நடுவில் நாடகம். மைக் கிடையாது. தொண்டைதான் மைக்!

கமிஷனர் ஆபீசில் கதை!

போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு என்று அலைகிற நிருபருக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிச் சுவாரசியம் உண்டு. நாடகம் போடுவதே ஒரு காலத்தில் போலீஸ் சமாசாரமாக இருந்தது!

வெள்ளைக்காரன் 1876-ல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தான். அவன் போன பிறகு, 1954-ல் நம்ம மாகாணத்துக்கென்று தனியாக ஒரு சட்டம் வந்தது. நடிகவேள் எம்.ஆர்.ராதாவின் நாடகங்களை மனதில் வைத்துத்தான் அது வந்தது என்பது ஊரறிந்த சேதி. அதன்படி, பட்டணத்தில் நாடகம் போடுகிறவர் கைப்பிரதியை முன்கூட்டியே போலீஸ் கமிஷனர் ஆபீசில் கொடுக்க வேண்டும். அவர்கள் படித்துப் பார்த்து 'சரி' என்றால்தான் திரை ஏறும்.

திருட்டுக் கேசும் அடிதடிக் கேசும் பார்க்கிற அதிகாரி நாடக வசனத்தில் என்ன பார்ப்பார்? பத்து நிமிஷ நாடகம் எழுதுகிறவனுக்கு இது பெரிய தலைவலி. நேற்று நடந்ததை இன்று எழுதி நாளைக்கு நடிப்பதுதான் அவன் தொழிலே. அனுமதி வருவதற்குள் சேதி பழசாகிவிடும்.

ஞாநி சும்மா இருக்கவில்லை. ஐகோர்ட்டுக்குப் போனார். 2013 ஜனவரியில் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது. கிட்டத்தட்ட 59 வருஷம் ஆடிய ஆட்டம் அதோடு அடங்கியது. அந்த மனுவைப் போட்டவர் 2018-ல் கண்ணை மூடிவிட்டார். இன்று எந்தச் சின்னக் குழுவாவது ஆளும் கட்சியையோ எதிர்க்கட்சியையோ மேடையில் வறுத்தெடுக்கிறது என்றால், அதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

சைக்கிள் ஸ்டாண்டு கேட்டதற்குத் துப்பாக்கிச் சூடு

நம்ம தொழிலில் மூணு வரிச் செய்தி என்று ஒன்று உண்டு. பக்கத்தின் கடைசியில், விளம்பரத்துக்கு மேலே கிடக்கும். யாரும் படிக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு செய்தியை எடுத்துத்தான் டெல்லியின் 'ஜன நாட்டிய மஞ்ச்' குழு 1978-ல் ஒரு நாடகம் செய்தது. பெயர் 'மெஷின்'.

டெல்லிக்குப் பக்கத்தில் ஒரு பாக்டரி. தொழிலாளிகள் கேட்டது ரெண்டே ரெண்டு. சைக்கிள் நிறுத்த ஒரு ஸ்டாண்டு, டீ குடிக்க ஒரு கேன்டீன். பேச்சு வளர்ந்து தகராறாகி, காவலாளிகள் சுட்டதில் 6 தொழிலாளிகள் பிணமானார்கள்.

நாடகம் ஏறக்குறைய 13 நிமிஷம். நடிகர்கள் கையையும் காலையும் ஆட்டி, வாயால் சத்தம் கொடுத்து, தாங்களே ஒரு மெஷினாக நிற்பார்கள். மெஷின் ஓடும். திடீரென்று நிற்கும். ஏன் நின்றது? அந்த ஒரு கேள்விதான் நாடகம். மெஷினுக்குள்ளிருந்தே தொழிலாளி வருவான், முதலாளி வருவான், காவலாளி வருவான். செட்டு இல்லை, செலவு இல்லை. நாம் மூணு வரியில் முடித்ததை அவர்கள் 13 நிமிஷத்தில் ஜனங்களின் மண்டையில் ஏற்றிவிட்டார்கள். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அதை எழுதியவர்களில் ஒருவர் சப்தர் ஹாஷ்மி. 1989 ஜனவரி 1. புத்தாண்டு நாள். சாகிபாபாத்தில் ஜண்டாபூர் என்ற தொழிலாளர் குடியிருப்பில் 'ஹல்லா போல்' என்ற தெரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. முனிசிபல் தேர்தல் சமயம். ஒரு கும்பல் புகுந்து தாக்கியது. ராம் பகதூர் என்ற தொழிலாளி செத்தார். மண்டை உடைந்த ஹாஷ்மி மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிரை விட்டார். வயது 34.

ஜனவரி 4-ந் தேதி, புருஷனைப் பறிகொடுத்து ரெண்டே நாளில், அவர் மனைவி மலயஸ்ரீ குழுவோடு அதே இடத்துக்குப் போனார். பாதியில் நின்ற அதே நாடகத்தை நடித்து முடித்தார். கூடியிருந்த கூட்டம் பல ஆயிரம். வழக்கு இழுத்தடித்து, 2003-ல்தான் கோர்ட்டு தண்டனை கொடுத்தது. ஹாஷ்மி பிறந்த ஏப்ரல் 12-ஐ நாடு முழுக்கத் தெரு நாடகக்காரர்கள் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

சின்ன நாடகம்தானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஒன்றை யோசிக்கட்டும். ஒன்றுமில்லாத சமாசாரத்துக்காக யாரும் இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள்.

எப்படிப் பார்ப்பது?

"போனேன் சார், ஒண்ணும் புரியலே" என்று சொல்கிறவர்கள் உண்டு. நியாயம்தான். மூணு மணி நேர நாடகம் பார்க்கிற கண்ணோடு போனால் புரியாது.

பெரிய நாடகத்தில் முதல் அரைமணி யார் யாருக்கு மாமன், மச்சான் என்று சொல்வதிலேயே போய்விடும். இங்கே சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே விளக்கு எரியும். உதாரணத்துக்கு, ஒரு பெஞ்சு. அதில் ஒரு அப்பா, ஒரு மகன். மகன் கையில் ஒரு பில். "இவ்வளவா?" என்கிறார் அப்பா. மகன் பதில் பேசாமல் பில்லை மடித்துப் பைக்குள் வைக்கிறான். அவ்வளவுதான், ஆஸ்பத்திரி, கடன், வீட்டு நிலைமை எல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை. நீங்களே கண்டுபிடித்தீர்கள். பாதி நாடகத்தை எழுதுகிறவன் எழுதுகிறான், மீதியைப் பார்க்கிறவன் எழுத வேண்டியிருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்க வருகிறவன் சொல்வதைவிடச் சொல்லாததை ஏட்டய்யா கவனிக்கிற மாதிரிதான் இதுவும்.

பேசாத இடத்தைக் கவனியுங்கள். யார் யாருக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு சாமான் மேடைக்கு வந்தால், சொம்போ குடையோ செல்போனோ, அது சும்மா வராது.

இன்னொன்று. வந்ததெல்லாம் தங்கம் என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் சுமார் ரகம். கடைசி வரியில் "அவள் செத்து ரெண்டு வருஷமாச்சு!" என்று தூக்கிப்போடுகிற தந்திரம் ஒன்று இருக்கிறது. முதல் தடவை கை தட்டலாம். ஒரே ராத்திரியில் மூணு நாடகத்தில் மூணு பேர் அப்படிச் செத்துப் போனால் சிரிப்புத்தான் வரும். செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு "சமுதாயமே!" என்று கத்துகிற நாடகங்களும் உண்டு. பிடிக்கவில்லையா? ஒரு சௌகரியம் பாருங்கள், பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பெரிய நாடகத்தில் மாட்டிக்கொண்டால் இன்டர்வெல் வரை தப்ப முடியாதே!

மிளகாய்ப்பொடி கேசு

நல்லதுக்கு ஒன்று சொல்ல வேண்டுமென்றால், ஸ்ரீஜித் சுந்தரத்தின் 'கட்டியக்காரி' குழு போட்ட 'மொளகாப்பொடி'. பாமாவின் சிறுகதை அது. பத்து நிமிஷ நாடகம் இல்லை, மூணு மணி நேரமும் இல்லை. வயலில் புல்லறுக்க வந்த ஏழைப் பெண்கள் கண்ணில் நிலத்துக்காரி மிளகாய்ப்பொடியைத் தூவுகிறாள். விஷயம் போலீஸ் வரை போகிறது. இதையே கேசாக எழுதினால் கால் பக்கம். மேடையில் அந்தப் பெண்கள் கண்ணெரிச்சலோடு சிரிக்கிறார்கள், கேலி செய்கிறார்கள், மடங்க மாட்டேன் என்கிறார்கள். எந்த எப்.ஐ.ஆரிலும் சிரிப்பை எழுத இடமில்லை.

இப்படி எழுதுகிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது? கேட்டால் சிரிக்கிறார்கள். பகலில் ஏதோ ஒரு உத்தியோகம், ராத்திரி ஒத்திகை. ஹால் வாடகை, லைட்டு வாடகை, நடிகர்களுக்கு டீ, வடை. ரெண்டு காட்சி நடக்கும், அப்புறம் நாடகம் பீரோவுக்குள் போய்விடும். புத்தகமாக வருவது அபூர்வம். சினிமா என்றால் எப்போதாவது டி.வி.யில் வரும். இது அன்றைக்குப் போனால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நாடகம் முடிந்ததும் எழுதியவர் வாசலிலேயே நிற்பார். பிடித்திருந்தால் எது பிடித்தது என்று சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் அதையும் சொல்லுங்கள். அவருக்குக் கிடைக்கிற சம்பளம் பெரும்பாலும் அதுதான்.

எழும்பூர் மியூசியம் தியேட்டர், நுங்கம்பாக்கம் அலையன்ஸ் பிரான்சேஸ் பக்கம் போகிறவர்கள் வாசல் போர்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம். டிக்கெட் இருந்தால் எடுங்கள். தெருமுனை நாடகம் என்றால் டிக்கெட் கிடையாது. முடிந்ததும் துண்டை விரித்துக்கொண்டு வருவார்கள், இஷ்டப்பட்டதைப் போடலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஏழு மணி என்றால் ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடுகிறார்கள். 'டிராபிக் ஜாம் சார்' என்று ஏழேகாலுக்குப் போய் நின்றால், அதற்குள் ஒரு நாடகம் முடிந்து ரெண்டாவது ஓடிக்கொண்டிருக்கும்.