மருந்தும் உணவும்: இடைவெளி அவசியம்

கிளினிக்கில் மருந்து பெற்றுக்கொள்வதற்கு எமது மக்கள் படும் பாடு கொஞ்சமல்ல. ஒரு நாட் கூலியை இழந்து, பஸ் ஏறி, வரிசையில் நின்று வாங்கி வருகிறார்கள். ஆனால் அந்தக் குளிசையை எந்த நேரத்தில், எதனுடன் விழுங்குகிறோம் என்பதைக் கவனியாவிட்டால், அதன் பயனிற் பெரும்பகுதி கிடைக்காமலே போய்விடலாம்.

வயிற்றுக்குள் மருந்து தனியாக இருப்பதில்லை. குடித்த தேநீர், உண்ட பிட்டு, வேறு குளிசைகள் யாவும் அங்கே ஒன்றுசேருகின்றன. சில பொருட்கள் ஒன்றையொன்று பற்றிப் பிடித்துக்கொள்ளும். அவ்வாறு பிடிபட்ட மருந்து குடற்சுவரைக் கடந்து இரத்தத்திற் சேராது.

தாய்மார் கவனிக்க வேண்டியது

கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரும்புச்சத்து, போலிக் அமிலம், விற்றமின் சி, கல்சியம் ஆகிய குளிசைகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. தேநீரின் துவர்ப்புக்குக் காரணமான தனின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால், உணவிலிருந்து உடல் பெறும் இரும்பு பாதிக்கு மேல் குறையக்கூடும். தவிடு, குரக்கன், பயறு ஆகியவற்றில் நார்ச்சத்துடன் காணப்படும் பைற்றிக் அமிலமும் இதையே செய்கிறது. கல்சியமும் இரும்புக்குத் தடையாகும்.

ஆகவே கல்சியத்தை மதிய உணவின் பின்னரும், இரும்பை விற்றமின் சியுடன் சேர்த்து இரவு படுக்கும் வேளையில் தண்ணீருடனும் எடுக்கலாம். தேநீரை ஒரு மணித்தியாலமாவது தள்ளிவைக்க வேண்டும். இரத்தசோகையுள்ள தாய், பிரசவத்தில் ஏற்படும் இரத்த இழப்பைத் தாங்கமாட்டாள். இது உயிர் சம்பந்தமான விடயம்.

வயலில் இறங்குவோருக்கு

எலிக்காய்ச்சலைத் தடுப்பதற்காக வயல் வேலை செய்வோருக்கு டொக்சிசைக்கிளின் வழங்கப்படுகிறது. இரும்பு, கல்சியம், நெஞ்செரிவுக்கான அன்ராசிட் ஆகியன இதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். சாப்பிட்டபின் நிறையத் தண்ணீருடன் விழுங்குங்கள். உடனே படுக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் வைத்தியரைக் கேளாமல் இதை எடுக்கக்கூடாது.

தைரொயிட், சலரோகம்

தைரொக்சின் குளிசையைக் காலையில் வெறுவயிற்றில் தண்ணீருடன் எடுத்து, அரை மணி முதல் ஒரு மணித்தியாலம் வரை கழித்தே தேநீரோ உணவோ எடுக்க வேண்டும். இரும்பு, கல்சியக் குளிசைகளுக்கு நான்கு மணித்தியால இடைவெளி தேவை. மலச்சிக்கலுக்கு இசப்கோல் எடுப்பவர்களும் அதை மற்ற மருந்துகளிலிருந்து இரண்டு மணித்தியாலமாவது தள்ளியே எடுக்க வேண்டும்.

நார்ச்சத்து, உணவிலுள்ள சீனி இரத்தத்திற் சேரும் வேகத்தைக் குறைப்பதால் சலரோகத்துக்கு நல்லது. ஆயினும் அது மருந்துக்கு ஈடாகாது. குளிசையோடு பாகற்காய்ச் சாறும் வெந்தயத் தூளும் அளவுக்கு மிஞ்சி எடுத்தால் சிலருக்குச் சீனி அளவுக்கு மீறிக் குறைந்து, வியர்வை, நடுக்கம், மயக்கம் உண்டாகலாம். அப்பொழுது உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுத்து, வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இதை வாசித்துவிட்டுக் குரக்கனையும் கீரையையும் தவிட்டரிசியையும் கைவிட்டுவிடாதீர்கள். பயறை ஊறவைத்து முளைக்கவிட்டால் பைற்றிக் அமிலம் குறையும். கீரையில் தேசிக்காய்ப் புளி விட்டால் அதிலுள்ள இரும்பு நன்கு சேரும். உணவும் வேண்டும், மருந்தும் வேண்டும். இரண்டுக்கும் இடையே நேரமும் வேண்டும்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, கடையில் வாங்கிய சத்துக் குளிசை, நாட்டு மருந்து உட்பட வீட்டில் எடுக்கும் எல்லாவற்றையும் ஒரு பையிற் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எதை எப்போது எடுப்பதென்று கேட்பது உங்கள் உரிமை.