அரபு ஓதத் தெரிந்தவருக்குச் சுர்யானி தூரமில்லை

ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைக் குர்ஆனைத் தொகுத்த ஸஹாபியாக நாம் அறிவோம். அவர்கள் சுர்யானி மொழி கற்றவர் என்பது பலருக்குத் தெரியாது. தமக்குக் கடிதங்கள் வருகின்றன, அவற்றை எல்லோரும் படிப்பதைத் தாம் விரும்பவில்லை என்று கூறி, அந்த மொழியைக் கற்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஜைதுக்குச் சொன்னார்கள். 17 நாட்களில் கற்றுக்கொண்டதாக ஜைத் (ரலி) அவர்களே கூறுவது முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது.

17 நாட்களில் ஒரு மொழியா என்று வியப்பு வரலாம். தமிழுக்கு மலையாளம் எப்படியோ, அப்படி அரபுக்கு நெருங்கிய உறவு சுர்யானி. இது அரமேயிக் மொழியின் ஒரு கிளை. இன்று துருக்கியில் உர்ஃபா என்று அழைக்கப்படும் எடெஸ்ஸா நகரில் எழுத்து மொழியாக வளர்ந்தது. அப்பாஸியர் கால பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிரேக்க மருத்துவ நூல்களைச் சுர்யானிக்கும் அரபுக்கும் பெயர்த்தார். அந்த அறிவு முஸ்லிம் உலகுக்கு வந்த பாதையில் இந்த மொழிக்குப் பெரும் பங்கு உண்டு.

நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருப்பது என்ன?

விழிதியூரிலோ காரைக்காலிலோ மக்தபுக்குப் போய்க் குர்ஆன் ஓதக் கற்ற பிள்ளைக்கு மூன்று விஷயங்கள் முன்பே தெரியும். வலமிருந்து இடமாகப் படிப்பது, எழுத்துகளைச் சேர்த்து எழுதுவது, ஐனையும் ஹாவையும் தொண்டையிலிருந்து உச்சரிப்பது. தமிழ் மட்டும் தெரிந்தவர் இவற்றுக்கே மாதக்கணக்கில் திணறுவார்.

சுர்யானிக்கு 22 எழுத்துகள். ஆலப், பேத், காமல், தாலத் என்று அவற்றின் வரிசை தொடங்கும். அலிஃபுக்கு 1, பேக்கு 2, ஜீமுக்கு 3, தாலுக்கு 4 என்று எண்ணும் அப்ஜத் கணக்கின் வரிசையும் இதுதான். 786 என்று எழுதுவது கூடுமா என்பது வேறு விவாதம். ஆனால் அந்த எண் எந்தக் கணக்கில் வந்ததோ, அதன் வரிசை சுர்யானி படிப்பவருக்கு முதல் நாளிலேயே கிடைத்துவிடும்.

சொற்களைப் பாருங்கள். ஸலாம் அங்கே ஷ்லாமா. லிஸான், லெஷ்ஷானா. ஷம்ஸ், ஷெம்ஷா. பைத், பைத்தா. மலிக், மல்கா. அரபின் ஸீன் பல இடங்களில் ஷீனாக மாறும். பெயர்ச்சொல்லின் இறுதியில் பெரும்பாலும் 'ஆ' வரும். ஸர்ஃப் ஓதியவர் மூன்றெழுத்து வேரை உடனே அடையாளம் காண்பார்.

எச்சரிக்கையும் வேண்டும். அரபில் லஹ்ம் என்றால் இறைச்சி. சுர்யானியில் லஹ்மா என்றால் ரொட்டி. தாலத், ரேஷ் இரண்டும் ஒரே வடிவம். புள்ளி கீழே இருந்தால் தாலத், மேலே இருந்தால் ரேஷ். எழுத்து முறையும் எஸ்த்ரங்கேலா, செர்த்தோ, மத்னஹாயா என மூன்று வகை. தொடங்குபவர் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது நல்லது.

எங்கே கற்பது?

வெகுதூரம் போக வேண்டியதில்லை. கேரளத்தின் சுர்யானி கிறிஸ்தவர்கள் இம்மொழியை வழிபாட்டில் இன்றும் காத்து வருகிறார்கள். அவர்கள் தம் வழிபாட்டைக் குர்பானா என்பார்கள். நாம் குர்பானி என்கிறோம். வேர் ஒன்றே. கோட்டயத்தில் 1985இல் தொடங்கிய செயின்ட் எஃப்ரேம் ஆய்வு நிறுவனம், சுருக்கமாக 'சீரி', மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழ் சுர்யானியில் முதுகலைப் பட்டம் வரை கற்பிக்கிறது.

நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி, தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகப் புள்ளிகள் சேர்த்து, அர்வி என்ற அரபுத் தமிழை உருவாக்கினார்கள். அதுபோலவே அங்கே மலையாளத்தைச் சுர்யானி எழுத்தில் எழுதி, போதாத ஒலிகளுக்கு மலையாள எழுத்துகளைக் கடன் வாங்கினார்கள். அதற்குக் கர்ஷூனி என்று பெயர். அர்வி கிதாபுகள் இருந்த வீட்டாருக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

ஏன் கற்க வேண்டும்?

2000இல் ஜெர்மனியில் கிறிஸ்டோஃப் லக்ஸன்பெர்க் என்ற புனைபெயரில் ஒரு நூல் வெளிவந்தது. குர்ஆனின் பல சொற்களைச் சுர்யானியாகப் படிக்க வேண்டும், ஹூர் என்பது சுவனத்துத் துணைவியர் அல்ல, வெள்ளைத் திராட்சை என்று அது வாதிட்டது. மொழி அறிஞர்களே அதன் முறையைக் கடுமையாக விமர்சித்தார்கள். ஆனால் திராட்சைக் கதை மட்டும் இணையத்தில் சுற்றி, நம் பிள்ளைகளின் கைப்பேசி வரை வந்துவிட்டது. சுர்யானியில் ஹெவ்வாரா என்றால் வெள்ளை என்பது உண்மைதான். ஆனால் வெள்ளை எப்படித் திராட்சை ஆனது? குர்ஆன் 'ஈன்', அதாவது அகன்ற கண்களை உடையவர்கள் என்று சேர்த்துச் சொல்கிறதே, திராட்சைக்குக் கண் ஏது? இப்படிக் கேட்பதற்கு இரண்டு மொழியும் தெரிந்தவர் வேண்டும். கோபப்படுவது பதில் ஆகாது.

நமக்குள் உலவும் பேச்சுகளையும் சரிபார்க்கலாம். கப்ரில் கேள்வி சுர்யானியில்தான் கேட்கப்படும் என்பார்கள். அது இமாம் புல்கீனீயின் கருத்து. அதை எடுத்துச் சொன்ன இமாம் ஸுயூத்தியே, இது வியப்பானது, வேறு யாரும் சொல்லித் தாம் கண்டதில்லை என்கிறார். தாயத்துத் தகட்டில் புரியாத பெயர்களை எழுதி, இது சுர்யானி என்று காசு வாங்குவோரும் உண்டு. 22 எழுத்தும் ஒரு அகராதியும் தெரிந்த மாணவன் முன்னால் அந்த வியாபாரம் நிற்காது.

பாடநூல்களில் பெரும்பாலும் கிறிஸ்தவப் பகுதிகளே இருக்குமே என்று பெற்றோர் தயங்கலாம். ஜைத் (ரலி) அவர்கள் படித்ததும் பிற சமுதாயத்தாரின் கடிதங்களைத்தான். மொழியை அறிவது வேறு, கொள்கையை ஏற்பது வேறு.

எல்லாப் பிள்ளைகளும் இதைக் கற்க வேண்டும் என்பதில்லை. தஜ்வீதும் அரபு இலக்கணமும் முதலில் உறுதியாகட்டும். அதன் பிறகு ஆலிம் படிப்பின் மேல் வகுப்பு மாணவர்களும், கல்லூரி செல்லும் ஆண்களும் பெண்களும் தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதல் மாதம் எழுத்து, அடுத்து அன்றாடச் சொற்கள், பிறகு உயிர்க்குறி இட்ட எளிய பகுதிகள். ஊருக்கு ஒருவர் கற்றாலும், பிறர் சொல்வதை அப்படியே நம்பும் நிலை நமக்கு இருக்காது, இன்ஷா அல்லாஹ்.