ஆட்டிசமும் முகம் அறியும் மூளையும்

முகத்தைப் பார்த்ததும் இவர் இன்னார் என்று அறியும்போது, மூளையின் அடிப்பரப்பில் காதுகளுக்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறு பகுதி கூடுதலாக உழைக்கிறது. பெரும்பாலும் வலப்பக்கம் இது வலுவாகத் தெரியும். ஃபியூசிஃபார்ம் மடிப்பில் உள்ள இப்பகுதியை 1997இல் நான்சி கன்விஷர் குழுவினர் எம்.ஆர்.ஐ. வழியே தெளிவாகக் காட்டினர். உழைக்கும் பகுதிக்கு ஆக்சிஜன் மிகுந்த ரத்தம் கூடுதலாகப் பாயும். ஸ்கேன் அளப்பது அந்த மாற்றத்தைத்தான்.

அதே ஆண்டில், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், தலையில் அடிபட்ட ஓர் இளைஞரைப் பற்றி வில்லியம் ஹிர்ஸ்டைனுடன் சேர்ந்து எழுதினார். பெற்றோரை நேரில் கண்டால் அவர்களைப் போலவே இருக்கும் வேறு யாரோ என்பார் அந்த இளைஞர். தொலைபேசியில் குரல் கேட்டால் ஏற்றுக்கொள்வார். முகத்தை அடையாளம் காண்பது வேறு, அம்முகம் மனத்தில் உணர்ச்சியை எழுப்புவது வேறு என்பதற்கு இது முக்கியமான சான்று.

முகம் அறிவது குறித்து ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் நடந்த முதல் ஆய்வுகள் கவலை தந்தன. 2000இல் யேல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஷுல்ட்ஸ் குழு, இவர்கள் முகங்களைப் பார்க்கையில் ஃபியூசிஃபார்ம் குறைவாகவும், பொதுவாகப் பொருள்களை அறிய உதவும் அண்டைப் பகுதி கூடுதலாகவும் இயங்குவதாகக் கண்டது. அப்பகுதியே பழுதோ என்ற எண்ணம் பரவியது.

அந்த எண்ணம் நிலைக்கவில்லை. 2004இல் நூஷின் ஹஜிகானி குழு, முகப்படத்தின் நடுவே ஒரு குறியை வைத்து அதையே பார்க்கச் சொன்னபோது ஃபியூசிஃபார்ம் இயங்கியது. அதே ஆண்டு கேரன் பியர்ஸ் குழு, தாய், உடன் பணிபுரிபவர் என நன்கு தெரிந்தவர்களின் படங்களைக் காட்டியபோதும் அது இயங்கியது. 2005இல் கிம் டால்டன் குழு, ஆட்டிசம் உள்ள பதின்வயதினரும் இளைஞர்களும் படத்தில் கண்களை எவ்வளவு நேரம் பார்த்தார்களோ அந்த அளவுக்கு ஃபியூசிஃபார்மோடு அமிக்டலாவும் கூடுதலாக இயங்கியதைக் கண்டது. அமிக்டலா அச்சத்திலும் பதற்றத்திலும் பங்குள்ள பகுதி. எதிரில் இருப்பவரின் கண்களைத் தவிர்ப்பது, சிலருக்காவது, தாங்க முடியாத கிளர்ச்சியிலிருந்து விலகும் வழியாக இருக்கலாம். அதை அன்பின்மை என்றோ திமிர் என்றோ எடுத்துக்கொள்வது பெரும் அநீதி.

இந்த ஆய்வுகள் சிறு குழுக்களில் நடந்தவை. விசைத்தறிக் கூடம் போல இரையும் ஸ்கேன் குழாய்க்குள் அசையாமல் படுக்க முடிந்தவர்களே பெரும்பாலும் பங்கேற்றனர். பேச்சு வராதவர்களும் கூடுதல் உதவி தேவைப்படுபவர்களும் அநேகமாக விடுபட்டனர்.

ஆட்டிசத்தை உறுதிசெய்யும் ஸ்கேன் எதுவும் இன்று இல்லை. பொதட்டூர்பேட்டை போன்ற ஒரு சிறு ஊரிலிருந்து ஒரு குடும்பம் மாற்றுத்திறன் சான்றிதழுக்குச் சென்றாலும், நடத்தையைக் கவனித்தும் வீட்டாரிடம் கேட்டும்தான் மதிப்பிடுவார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் மாற்றுத்திறன்களில் சேர்த்துள்ளது. ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோலில் 40 கேள்விகள் உண்டு; அவற்றில் முதலாவது, கண்ணோடு கண் பார்ப்பது குறைவாக உள்ளதா என்பது.